ஒட்டுப்பால் முதல் பழைய டயர் வரை: மறுசுழற்சி வரலாற்றில் நம் தோட்டங்கள்



"மறுசுழற்சி நிறுவனங்கள் பருவநிலையையும் இயற்கை வளங்களையும் காக்க எப்படி உதவுகின்றன?" இந்தத் தலைப்பைக் கொடுத்தால், பெரும்பாலான மாணவர்கள் மூன்று நிறத் தொட்டிகளில் தொடங்கி, "ஆகவே நாம் அனைவரும்..." என்று முடித்துவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வரலாறும் இல்லை. டுரியான் துங்கால், அலோர் காஜா, ஜாசின் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தலைப்பில் சொல்ல ஒரு சொந்தக் கதையே இருக்கிறது. அது இரப்பரின் கதை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், தேர்வுக்கும் உதவும்.

1. பால்காட்டில் இருந்த பழக்கம்

1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் சுமார் 40 ஏக்கரில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கத்தோடு போடப்பட்ட முதல் இரப்பர்த் தோட்டமாக இதைத்தான் சொல்வார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் மலாக்கா முழுக்கத் தோட்டங்கள் பரவின. லயங்கள் எழுந்தன. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து பால்மரம் வெட்டினார்கள்.

உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் 'ஒட்டுப்பால்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். நேற்று வெட்டிய கோட்டில் பால் காய்ந்து நாடா போல ஒட்டியிருக்கும். இன்று உளி வைப்பதற்கு முன் அதை உரித்து எடுக்க வேண்டும். மங்கில் உறைந்து கிடப்பது கட்டிப்பால். மரத்தடியில் சிந்தி மண்ணோடு உறைந்ததைக்கூட விடமாட்டார்கள். எல்லாம் சாக்குக்குள் போகும். நிறுவையில் இதற்குப் பாலை விடக் குறைந்த கூலிதான். ஆனாலும் மாதக் கடைசியில் அந்தச் சில வெள்ளிகள் குடும்பத்துக்குத் தேவைப்பட்டன. தோட்டமும் அதைக் கழுவி அரைத்துப் பழுப்பு நிறத் தகடாக்கி விற்றது.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது மறுசுழற்சி அல்ல, விரயம் தவிர்த்தல். ஒரு பொருளைப் பயன்படுத்தி முடித்தபின் அதையே மூலப்பொருளாக்கி மீண்டும் உற்பத்தி செய்வதுதான் மறுசுழற்சி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2. இரப்பரை ஏன் உருக்க முடியாது?

இரும்பை உருக்கலாம், கண்ணாடியை உருக்கலாம். டயரைச் சூடாக்கினால் என்ன ஆகும்? உருகி வேறு அச்சில் வார்க்கும்படி வராது, கருகி எரியும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், இரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்று கண்டுபிடித்தார். கந்தகம் இரப்பர் மூலக்கூறுகளுக்கு நடுவே பாலங்கள் போடுகிறது. டயருக்கு வலிமை தருவதும் அந்தப் பாலங்கள்தான், பழைய டயரை மறுபடி இரப்பராக்க விடாமல் தடுப்பதும் அவைதான்.

இதற்கும் வழி தேடினார்கள். பழைய இரப்பரை அரைத்து, நீராவியிலும் பிறகு காரத்திலும் வேகவைத்து, துணி இழைகளைக் கரைத்து எடுக்கும் முறைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. 1899-இல் ஆர்தர் மார்க்ஸ் உருவாக்கிய காரமுறையைப் பல தொழிற்சாலைகள் பின்பற்றின. இப்படிக் கிடைத்ததை 'மீட்ட இரப்பர்' என்று சொல்லலாம். புதிய இரப்பரின் தரம் இதற்கு இல்லை. ஆனால் புதிய இரப்பரோடு கலந்து பயன்படுத்தலாம், விலையும் மலிவு.

3. விலை ஏறியபோது குப்பைக்கு மதிப்பு

1910-இல் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு இரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அப்படிப்பட்ட விலையில் பழைய டயரும் பழைய காலணியும் பணமாகத் தெரியாதா, என்ன?

அடுத்தது, பாடத்தில் நீங்கள் படிக்கும் ஸ்டீவன்சன் திட்டம். முதல் உலகப் போருக்குப் பின் இரப்பர் விலை விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்த, 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு மலாயாவிலும் இலங்கையிலும் இரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1925-இல் விலை எகிறியது. உலகின் ஆகப் பெரிய வாங்குபவரான அமெரிக்கா சும்மா இருக்கவில்லை. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், இரப்பரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் பழையதை மீட்டெடுக்கவும் பெரிய இயக்கமே நடத்தினார். 1928 வாக்கில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்திய மீட்ட இரப்பர், புதிய இரப்பரின் அளவில் ஏறத்தாழப் பாதியை எட்டியது. திட்டத்தில் சேராத டச்சு இந்தியத் தீவுகளும் உற்பத்தியைப் பெருக்கின. 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. விலை அடியோடு சரிந்தது. 1930-க்கும் 1932-க்கும் இடையில் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்கு மறுசுழற்சி காரணம் என்று எழுதிவிடாதீர்கள், அது பிழை. ஆனால் எங்கோ ஒரு நாட்டில் பழைய டயருக்கு இருந்த மதிப்பும், இங்கே ஒரு லயத்தில் அடுப்பு எரிவதும் ஒரே விலைப்பட்டியலில் கட்டப்பட்டிருந்தன என்பதை மறக்க வேண்டாம்.

4. 1942: ஒரே ஆண்டு, இரண்டு காட்சிகள்

1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியர் கையில் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர். உலக இயற்கை இரப்பரில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கொடுத்துவந்த தென்கிழக்காசியா நேச நாடுகளுக்கு அடைபட்டுப் போனது.

அமெரிக்காவில் ஜூன் 15 முதல் ஜூலை 10 வரை பழைய இரப்பர் திரட்டும் இயக்கம் நடந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் கேட்டுக்கொள்ள, மக்கள் பழைய டயர், மழைக்கோட்டு, தோட்டக் குழாய், காலணி எல்லாவற்றையும் பெட்ரோல் நிலையங்களில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட். சேர்ந்தது சுமார் 4 இலட்சத்து 50 ஆயிரம் டன். ஆனால் பாதிக்கு மேல் உழைத்துத் தேய்ந்த சரக்கை வைத்துத் தரமான டயர் செய்ய முடியவில்லை. செயற்கை இரப்பர்தான் கைகொடுத்தது. 1945-க்குள் அமெரிக்காவின் ஆண்டு உற்பத்தி 7 இலட்சம் டன்னைத் தாண்டியது.

இங்கே என்ன நடந்தது? பால் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கின. வேலையிழந்த நம்மவர்களில் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நிறையப் பேர் திரும்பவில்லை.

போருக்குப் பின் செயற்கை இரப்பர் மலிந்தது. மீட்ட இரப்பரின் பங்கு சுருங்கியது. எஃகுக் கம்பி பின்னிய டயர்கள் வந்தபின் பிரித்தெடுப்பதும் கடினமானது. பழைய டயர்கள் குவிந்தன: எரித்தால் கரும்புகை, போட்டுவைத்தால் ஏடிஸ் கொசு. விலை மட்டுமே மறுசுழற்சியை நடத்தினால், விலை இறங்கும் நாளில் அது நின்றுவிடும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துச்செல்வீர்களானால் அது இதுவாக இருக்கட்டும்.

5. அடுப்புக்குப் போன மரம்

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். இரப்பர் மரம் 25, 30 ஆண்டுகளில் பால் வற்றிப்போகும். முன்பெல்லாம் அதை வெட்டி விறகாக்கினார்கள், கரியாக்கினார்கள், அல்லது காட்டிலேயே எரித்தார்கள். மரத்தில் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிப்பதால் தளவாடத்துக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள். போரான் கலந்த கரைசலில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவியபின் நிலைமை மாறியது. 1980-களிலிருந்து அதே மரம் மேசை நாற்காலியாகி உலகம் முழுக்கப் போகிறது. மலாக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூவார் அந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். எரித்திருந்தால் உடனே காற்றில் கலந்திருக்கும் கரிமம் நாற்காலிக்குள் பல ஆண்டுகள் தங்குகிறது. அந்த நாற்காலிக்காக இயற்கைக் காட்டில் இன்னொரு மரத்தை வெட்டவும் வேண்டியதில்லை.

6. நிறுவனங்கள் எப்படி உதவுகின்றன?

தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதோடு ஒப்பிட்டால், பழைய டின்னை உருக்குவதில் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சமாகிறது. ஒரு டன் பழைய இரும்பு ஏறத்தாழ 1.4 டன் இரும்புத் தாதுவைக் காக்கிறது. அதோடு நிலக்கரியும் மிச்சம். காகிதமும் உணவுக் கழிவும் குப்பைமேட்டில் காற்றுப்படாமல் அழுகினால் மீத்தேன் வெளியாகும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். "பேப்பர் லாமா" என்று ஒலிபெருக்கி வைத்துத் தாமானுக்குள் வரும் லாரியும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

ஆனால் எல்லாவற்றையும் புகழ்ந்துவிட முடியாது. 2018 தொடக்கத்தில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியது. பணக்கார நாடுகளின் குப்பை நம் பக்கம் திரும்பியது. அந்த ஓராண்டில் மலேசியாவுக்கு வந்தது சுமார் 8 இலட்சத்து 70 ஆயிரம் டன். மறுசுழற்சி என்ற பெயரில் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. சிலாங்கூரின் ஜென்ஜாரோம் மக்கள் எரிபுகையில் மூச்சுத் திணறினார்கள், புகார் கொடுத்தார்கள், போராடினார்கள். அரசு ஆலைகளை மூடியது. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பியது. 2019-இல் திருத்தப்பட்ட பாசல் உடன்படிக்கை 2021 முதல், வாங்கும் நாட்டின் சம்மதமில்லாமல் கலப்பு நெகிழிக் கழிவை அனுப்பத் தடை போட்டது.

உள்ளூரிலும் சட்டம் உண்டு. மலாக்கா உட்பட, திடக்கழிவுச் சட்டம் 672-ஐ ஏற்ற மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே கழிவைத் தரம் பிரிக்க வேண்டும். நாம் பிரித்துப் போடாவிட்டால், எவ்வளவு நல்ல நிறுவனமும் அழுக்குக் கலந்த குவியலை வைத்து என்ன செய்யும்?

7. தேர்வுக்கு

• கருத்தைச் சொன்னதும் ஆண்டோடு ஒரு சான்று கொடுங்கள்: 1922, 1942, 2018.
• நன்மையோடு வரம்பையும் எழுதுங்கள். ஜென்ஜாரோம் நல்ல சான்று.
• சிந்திக்க: "மறுசுழற்சியைச் சந்தை விலை மட்டும் காப்பாற்றுமா?" ஸ்டீவன்சன் திட்டத்தை வைத்து விவாதியுங்கள்.

ஆசிரியர்களே, வகுப்பில் நடத்தும்போது மாணவர்களைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒட்டுப்பாலைப் பற்றிக் கேட்டு, ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பல இரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. அந்தச் சாக்கைச் சுமந்தவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம்.