தூற்றுகளமும் வேகவடிகட்டியும்

வன்னிக் களங்களிற் சூடடித்த நெல்லைச் சுளகில் அள்ளித் தூற்றுகையில், காற்று பதரை விலக்க, மணி காலடியிற் குவிகின்றது. மீப்பார மூலக ஆய்வின் வரலாறும் பெரிதும் பிரித்தெடுத்தலின் வரலாறே. மேற்கு ஜேர்மனியின் டாம்ஸ்ராட் நகரில் 1976இல் இயங்கத் தொடங்கிய ‘ஷிப்’ என்னும் வேகவடிகட்டி, மின்புல, காந்தப்புலங்களால் விரைந்தோடும் கற்றையணுக்களை விலக்கி, மெதுவாகச் செல்லும் புதிய கருக்களை உணரியிடம் சேர்த்தது. 1981 முதல் 1996 வரை, 107 தொடக்கம் 112 வரையான மூலகங்கள் இதன்வழி இனங்காணப்பட்டன. 1982இல் 109ஆவது மூலகத்துக்குச் சான்றாகக் கிடைத்தது ஓரணுவே.

இவ்வொப்புமை கொண்டு, எம் முன்னோர் அணுவியல் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் வரலாறாகாது. ஆயினும், வேண்டாததை விலக்கும் உழைப்பே அறிவின் அடித்தளம் என்பதை இரண்டும் உணர்த்துகின்றன. 2021இல் தனிப் பல்கலைக்கழகம் பெற்ற வவுனியாவிற் பௌதிகவியற் கல்வி இக்களத்திலிருந்தே தொடங்கலாம் என நாம் கருதுகின்றோம்.