கேள்வித்தாள் நுழையாத வீடு: மேரி காஸின் அளவாய்வும் வளைகுடாப் பணிப்பெண்களும்

அமெரிக்கப் பெண்ணிய உளவியலாளர் மேரி காஸின் பெரும்பங்களிப்பு ஒரு கேள்வித்தாள். 1982இல் ஷெரில் ஓரோஸுடன் இணைந்து வெளியிட்ட பாலியல் அனுபவ அளவாய்வில், ‘வன்புணர்வுக்கு ஆளானீர்களா?’ என்ற நேர்க்கேள்வியை மட்டும் நம்பாமல், நடந்த செயல்களைத் தனித்தனியே கேட்டார். விருப்பமின்றி நடந்ததா, பலம் பிரயோகிக்கப்பட்டதா, மிரட்டல் இருந்ததா என்று அந்த வினாக்கள் போயின. 1987இல் 32 உயர்கல்வி நிறுவனங்களின் 6,159 மாணவர்களிடம் அவரும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வில், பெண்களில் 27.5 விழுக்காட்டினர் 14 வயதுக்குப் பின் வன்புணர்வையோ அதற்கான முயற்சியையோ சட்ட வரையறைப்படி எதிர்கொண்டிருந்தனர். வன்புணர்வுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே அதை அப்பெயரால் அழைத்தார். பெர்க்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீல் கில்பர்ட் இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தார்: பெண்ணே அப்படிச் சொல்லாதபோது ஆய்வாளர் சொல்லலாமா? காஸ் பின்வாங்கவில்லை. கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து அரிசோனாவுக்குச் சென்று, பிமா மாவட்டத்தில் பாலியல் குற்றங்களுக்கான சீரமைப்பு நீதித் திட்டமொன்றையும் நடத்திப் பார்த்தார்.

கில்பர்ட்டின் ஆட்சேபம் வளைகுடாவில் தலைகீழாகிறது. அங்கே பெண் வாய்திறந்து ‘வன்புணர்வு’ என்றாலும், அரசால் அதற்கு வேறு பெயர் வைக்க முடிந்தது. 2013இல் துபாயில் புகார் கொடுத்த நோர்வேப் பெண் ஒருவருக்குத் திருமணத்துக்குப் புறம்பான உறவு உள்ளிட்ட குற்றங்களுக்காக 16 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உலகம் கொதித்த பிறகே மன்னிப்பு வந்தது. 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தின்படி, அத்தகைய உறவுக்காக வழக்குத் தொடரக் கணவரோ காப்பாளரோ புகார் கொடுத்திருக்க வேண்டும். முன்னேற்றம்தான். ஆனால் பேசினால் தானே குற்றவாளியாகிவிடுவோமோ என்ற அச்சம் சட்டப்பிரிவு மாறிய அன்றே கலைந்துவிடாது. பெயரில்லாக் கேள்வித்தாளையும் அந்த அச்சத்துடன்தான் ஒரு பெண் கையில் வாங்குவாள்.

வாங்குவதற்கே வழி வேண்டும். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2014இல் ஐக்கிய அரபு அமீரகம் பற்றி வெளியிட்ட அறிக்கை, அங்கே குறைந்தது 1,46,000 பெண் வீட்டுப் பணியாளர்கள் இருப்பதாகக் கணித்தது. அதற்காக நேர்காணப்பட்ட பணிப்பெண்கள் 99 பேர். வகுப்பறையில் தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கும் முறைக்கு இங்கே இடமில்லை. அமீரகத்தின் 2017ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டத்தின் கீழ் ஆய்வு அதிகாரியே உரிமையாளரின் ஒப்புதலோ அரசு வழக்குத்தொடர்வுத் துறையின் அனுமதியோ இன்றி வீட்டுக்குள் போக முடியாதிருந்தது. ஆகவே அறிவுலகம் பணிப்பெண்ணை அவள் வெளியே வந்து விழுந்த இடத்தில் சந்தித்தது. குவைத்தில் 1990இல் எல்-ஹிலு குழுவும் 2003இல் சாஹித் குழுவும் வெளியிட்ட ஆய்வுகள், அவளை மனநோயாளியாக எடுத்துக்கொண்டு தொடங்கின. இரண்டாவது ஆய்வு, எளிதில் பாதிப்புறச் செய்யும் காரணிகள் எவை என்று கேட்டது. பயனுள்ள கேள்விதான், ஆனால் அது அவளையே உற்றுப் பார்க்கிறது. வீட்டின் கதவை யார் பூட்டினார்கள் என்பது காஸ் வழிவந்தவர் கேட்கும் கேள்வி.

இருந்தும் காஸின் அளவுகோலை அப்படியே தூக்கிவர முடியாது என்பதே என் வாதம். 1987ஆம் ஆண்டு வடிவத்தில் அதிகாரத்தைப் பயன்படுத்தி இணங்க வைப்பது பற்றியும் ஒரு வினா உண்டு. முதலாளி, ஆசிரியர், மேற்பார்வையாளர் ஆகியோர் அதில் எடுத்துக்காட்டுகள். ஆனால் மதிப்பிடும்போது அது ‘பாலியல் வற்புறுத்தல்’ என்ற வகையில், வன்புணர்வுக்குக் கீழ்ப்படியில் வைக்கப்பட்டது. வேலையை விட்டுவிட்டு வெளியே நடந்துவிட முடிகிற நாட்டில் அந்த வரிசை பொருந்தலாம். வளைகுடாவின் கஃபாலா எனும் பொறுப்பாளர் முறையில் விசா கஃபீலின், அதாவது பொறுப்பேற்கும் முதலாளியின், பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. கடவுச்சீட்டு பெரும்பாலும் அவர் அலமாரியில். அனுமதியின்றி வெளியேறியவள்மீது ‘ஓடிப்போனாள்’ என்ற புகார் பாயும். இப்படிப்பட்ட அதிகாரத்தின் முன் உடல்பலம் தேவைப்படாமலே போகலாம். மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் ‘அதிர்ச்சியும் மீட்சியும்’ நூலில், தொடர்ச்சியான அதிர்ச்சி சிறைப்பட்ட நிலையில்தான் நேர்கிறது என்றும், வீடும் அத்தகைய சிறையாகலாம் என்றும் வாதிட்டார். அவர் மனதில் இருந்தது குடும்பம். அந்த வாதம் பணிப்பெண்ணின் அறைக்கும் பொருந்தும் என்றால், காஸின் படிநிலையைக் கலைத்து அடுக்கியே ஆக வேண்டும்.

அந்த வேலையைத் தொடங்க ஏற்ற இடம் துபாய் அல்ல, திரும்பி வந்தவர்களின் ஊர்கள்: மட்டக்களப்பு, நுவரெலியா, இராமநாதபுரம், கடலூர். இங்கும் தடைகள் உண்டு. ‘அரபி வீட்டில்’ இருந்து வந்தவள் என்றாலே ஊர் வேறு கண்ணோடு பார்க்கிறது. வெளிநாட்டு வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு இந்தியா 30 வயதைக் குறைந்தபட்ச வரம்பாக வைத்ததும், இலங்கை 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டதும் பெண்ணைக் கட்டுப்படுத்துவதையே பாதுகாப்பு என்று கொண்டன. ஆகவே தமிழில் எழுதப்படும் தாளில் முதல் வினாக்கள் சம்பளம், கைப்பேசி, கடவுச்சீட்டு, இரவில் படுத்த இடம், அந்த அறைக்கு உள்தாழ் இருந்ததா என்பவையாக இருக்க வேண்டும். செயல்களைப் பற்றிய வினாக்கள் அதன் பிறகு, கணவரும் மாமியாரும் இல்லாத நேரத்தில்.