முதியோர் நெஞ்சில் கேட்கும் ஒலிகள்

நெஞ்சின் ஒலியைக் கருவி வைத்துக் கேட்டு நோயறியும் வழக்கம் 1816இல் பாரிஸில் தொடங்கியது. நெக்கர் மருத்துவமனையில் ரெனே லயனெக் தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். பிறகு மரக்குழல் செய்துகொண்டார். கேட்ட ஒலிகளைப் பிரேதப் பரிசோதனையில் கண்ட நுரையீரலோடு பொருத்தி 1819இல் நூல் எழுதினார். தமிழர் நடுவே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இல் தொடங்கியது. ஆனாலும் நெஞ்சைக் கேட்பது நெடுங்காலம் மருத்துவர் வேலையாகவே இருந்தது.

ஒலிகள் எப்படி எழுகின்றன என்பது தெளிய நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. மூச்சை உள்ளிழுக்கும்போது கேட்கும் சடசடப்பைச் சளியில் குமிழி உடையும் ஓசை என்றே எண்ணியிருந்தார்கள். மூடிக் கிடந்த சிறு காற்றுக்குழாய்கள் சட்டெனத் திறப்பதே அதற்கு முக்கியக் காரணம் என்று 1960களில் லண்டன் மருத்துவர் பால் ஃபோர்காக்ஸ் விளக்கினார். வார்டில் இதற்குப் பெயர் ‘கிரெப்ஸ்’. காதருகே நாலைந்து முடியை விரலால் உரசினால் அதன் மெல்லிய வகை பிடிபடும்.

முதியோரைப் பராமரிப்பவருக்கு இந்த விளக்கம் பெரிய உதவி. நாள் முழுக்க மல்லாந்து படுத்திருப்பவரின் மூச்சு மேலோட்டமாகவே ஓடும். முதுகுப்பக்கம், நுரையீரலின் அடிப்பகுதியில் குழாய்கள் ஒட்டிக்கொள்ளும். அங்கே கிரெப்ஸ் கேட்டதுமே நிமோனியா என்று முடிவுகட்டக் கூடாது. தலைமாட்டை உயர்த்தி, இரண்டு முறை இருமவும் ஆழ்ந்து மூச்சு விடவும் சொல்லி மறுபடி கேட்க வேண்டும். மறைந்தால் ஒட்டியிருந்த குழாய் திறந்தது, சளி நகர்ந்தது என்று கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் நிலைத்திருந்தால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும்; இரு பக்கமும் இருந்து காலும் வீங்கியிருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். தள்ளாத வயதில் நிமோனியா காய்ச்சலின்றியும் வரலாம். சாப்பாட்டை ஒதுக்குவதும் பிதற்றுவதும் வேகமான மூச்சுமே முதல் அறிகுறியாக இருக்கலாம். இழுப்பு இருந்த நெஞ்சில் திடீரென ஒலியே அடங்கி, மூச்சுக்குத் திணறுவது தொடர்ந்தால் அது குணமல்ல, ஆபத்து. கடைசி நாட்களில் தொண்டையில் எழும் கொரகொரப்பு வேறு. நோயாளியைவிட உறவினரையே அது அதிகம் வாட்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் தணியலாம்.

இன்று நெஞ்சைக் கேட்டறியும் இந்த அறிவு வீட்டுக்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே செல்கிறார்கள். எடுத்துக்காட்டாக, அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022இல்தான். அதே மாவட்டத்தில் ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்துக் கிராமத்தில் தனியாகக் கிடக்கும் ஒரு பாட்டியை அங்கே உடனே கொண்டுபோக வேண்டுமா, நாளை வரை பார்க்கலாமா என்பதை முதலில் உணர்பவர் அந்தச் செவிலியரே. ஆகவே அவரது குறிப்பில் ‘சளி இருக்கிறது’ என்ற ஒற்றை வரி போதாது. எந்தப் பக்கம், உள்மூச்சிலா வெளிமூச்சிலா, இருமிய பின் மாறியதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, நேற்று எப்படி இருந்தது என்பதெல்லாம் இடம்பெற வேண்டும்.