ஓடைக்குச் சோறு போடுவது யார்?



உணவுச்சங்கிலிப் பாடத்தில் ஓடை என்றால் "சூரியன், பாசி, பூச்சி, மீன்" என்றுதான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எல்லா ஓடைக்கும் அது பொருந்தாது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் காடு ஹப்பர்ட் புரூக். அங்குள்ள பேர் புரூக் என்னும் ஓடையின் ஓராண்டு உணவு வரவை ஸ்டூவர்ட் ஃபிஷர், ஜீன் லைக்கன்ஸ் இருவரும் கணக்கெடுத்து 1973-இல் வெளியிட்டார்கள். 99 சதவீதத்துக்கு மேல் சுற்றியுள்ள காட்டிலிருந்தும் மேலோடையிலிருந்தும் வந்தது! மரநிழலில் பாசிக்கு வெளிச்சம் போதாது. உதிர்ந்த இலையில் பூஞ்சை படிகிறது. ஊறிய இலையைப் பூச்சிகளின் இளம்புழுக்கள் தின்கின்றன. அவற்றைப் பல்லி போன்ற சாலமாண்டர் தின்கிறது.

அதே காட்டில் 1965-இல் சோதனைக்காக ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்கள் அனைத்தையும் வெட்டி, மறுபடி முளைக்காமல் களைக்கொல்லி அடித்தார்கள். அங்கே ஓடைநீரில் நைட்ரேட் குடிநீர் வரம்பையே தாண்டியது.

காட்டை விட்டுவிட்டு ஓடையை மட்டும் காப்பாற்ற முடியாது. இதை அன்றே சொல்லாதது என் குறை. பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால், அந்தப் படத்தில் பாசிக்குப் பக்கத்தில் ஓர் இலையும் வரைந்துவிடுங்கள். இப்போது ஆசிரியராக இருப்பவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.