இறந்தார்க்கு வைத்த நெல்

திண்டுக்கல் என்றவுடன் மாணவர்களுக்கு மலைமேல் நிற்கும் கோட்டை நினைவுக்கு வரும். அரசர் கட்டியவற்றிலேதான் வரலாறு இருக்கிறது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பெயர் தெரியாத எளிய மக்கள், தம்மைப் பிரிந்தவர்க்காக அன்போடு வைத்த பொருள்களும் வரலாறு பேசும். அத்தகைய ஒரு பொருளைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

திண்டுக்கல்லுக்கு மேற்கே பழனி. அதன் தென்மேற்கே, மலையடிவாரத்தில் பொருந்தல் என்னும் சிற்றூர் இருக்கிறது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் அங்கு அகழாய்வு நடத்தினார். பழந்தமிழர் பலகைக் கற்களை நிறுத்தி அறை அமைத்து, அதனைச் சுற்றிக் கல்வட்டம் இட்டு, இறந்தோரை அடக்கம் செய்த இடம் அது. அங்கே மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கலம் தாங்கும் மண்வளையம் ஒன்றில் பழந்தமிழ் எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. ஒரு நாற்கால் சாடியிலோ, ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது!

அந்நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் சோதித்தனர். அதன் காலம் கி.மு. 490ஐ ஒட்டியது என்று முடிவு வந்தது. எழுத்துகளின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், இறந்தவர்க்கும் உணவு வேண்டும் என்று எண்ணிய ஓர் உள்ளம் அங்கே இருந்தது என்பதில் ஐயம் ஏது?

அவ்வுள்ளம் இன்றும் மறையவில்லை. இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை எண்ணும்போது வள்ளுவர் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். ஆடி, தை அமாவாசைகளில் நம் வீடுகளில் மூதாதையர்க்குப் படையல் இடுகிறோம். காகத்துக்குச் சோறு வைத்த பின்னரே உண்கிறோம். மறைந்த பாட்டனார் எதை விரும்பி உண்டாரோ, அதுவே அன்று இலையில் முதலிடம் பெறுகிறது.

கத்தோலிக்க மக்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவரான ஓடிலோ இந்நாளைத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். நாளடைவில் அது உலகெங்கும் பரவியது. திண்டுக்கல் வட்டாரத்திலும் அன்று கல்லறைகளைத் தூய்மை செய்து, மலர் சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர்.

கடல் கடந்த மெக்சிகோவிலும் அதே நாள் பெருவிழாவாகும். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொணர்ந்த திருநாளும், அந்நாட்டுப் பழங்குடியினர் இறந்தோரைப் போற்றிய வழக்கங்களும் அங்கே ஒன்று கலந்தன. இறந்தவரின் படத்தை வைத்து, ரொட்டியும் உப்பும் நீரும் அவர் விரும்பிய உணவும் படைக்கின்றனர். ஆன்மாவுக்கு வழிகாட்டவென்று செண்டுமல்லி மலரைப் பரப்புகின்றனர். நம் நிலக்கோட்டைப் பக்கத்தில் பூக்கும் அச்செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோவே! இவ்விழாவை யுனெஸ்கோ நிறுவனம் 2008இல் மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

மாணவர்களே, ஒன்றைக் கருதிப் பாருங்கள். பொருந்தலில் நெல் வைத்தவர் வரலாறு எழுத எண்ணவில்லை; தம் உறவினர் பசித்திருத்தல் ஆகாது என்றே எண்ணினார். அந்த அன்பே, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் நெல் வழங்கியது என்பதற்குச் சான்றாயிற்று. இறந்தார்க்கு ஈந்தது, வாழ்ந்தார் வரலாறு ஆயிற்று.

ஆனால் அச்சான்றுகள் அழிந்து வருகின்றன. கல்வட்டங்களைப் பெயர்த்து வீட்டுக்கு அடித்தளம் இடுவோர் உண்டு. புதையல் கருதித் தோண்டிக் கலங்களை உடைப்போரும் உண்டு. உடைந்த சாடியிலிருந்து சிதறிய நெல் மண்ணோடு மண்ணாகும். அதன்பின் அதற்குக் காலமும் இல்லை, கதையும் இல்லை.

உங்கள் ஊர்ப் புறத்தே கல்வட்டமோ, நடுகல்லோ, தாழியோ கண்டால் அதைத் தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் கூறுங்கள். அவர் வழியே தொல்லியல் துறைக்குச் செய்தி சேரட்டும். பெயரறியா அம்முன்னோர்க்கு நாம் இடக்கூடிய படையல் அதுவே.