நாய் கடித்தால் யார் பொறுப்பு? தோட்ட மக்கள் அறிந்திருக்க வேண்டியவை

மலையகத் தோட்டங்களில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. இரவில் சிறுத்தை இறங்கும், காட்டுப்பன்றி மரக்கறிப் பாத்தியைக் கிளறும். அதனால் காவலுக்கு ஒரு நாய் தேவைப்படுகிறது. துரை பங்களாவிலும் தொழிற்சாலை வாசலிலும் நாய்கள் உண்டு. ஆனால் அந்த நாய் பாடசாலை செல்லும் பிள்ளையையோ கொழுந்து பறிக்கச் செல்லும் தாயையோ கடித்துவிட்டால், விடயம் சில நூறு ரூபாவுடன் வாசலிலேயே முடிக்கப்படுகிறது. இல்லாவிட்டால் இரண்டு குடும்பங்களுக்கு இடையே வருடக்கணக்கான பகையாகிறது. கடிபட்டவருக்குச் சட்டத்தில் என்ன உரிமை உண்டு, நாய் வளர்ப்பவருக்கு என்ன கடமை உண்டு என்பதை இரு தரப்பும் அறிந்திருப்பது நல்லது.

முதலில் உயிர், பிறகு வழக்கு

விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக அரிது. எனவே கடிகாயத்தை உடனடியாகச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், கோப்பித் தூள், மிளகாய் எதையும் பூசக்கூடாது. அதன் பின்னர் தாமதமின்றி அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தோட்ட மருந்தகத்தில் தடுப்பூசி இல்லையென்றால் டிக்கோயா, நுவரெலியா போன்ற வைத்தியசாலைகளுக்குப் போக வேண்டும். அரச வைத்தியசாலைகளில் இந்தத் தடுப்பூசி இலவசம். அது ஒரே நாளில் முடிவதில்லை. குறித்துத் தரப்படும் எல்லா நாட்களுக்கும் செல்ல வேண்டும்.

கடித்த நாயை அடித்துக் கொல்லக்கூடாது. அதைக் கட்டிவைத்து 14 நாட்கள் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் நாய் இறந்தாலோ காணாமற் போனாலோ வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே அறிவிக்க வேண்டும். இறந்த நாயின் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதிக்க முடியும்.

உரிமையாளரின் பொறுப்பு

இலங்கையில் நாய்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தும், விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலிருந்தும் உள்ளன. பதிவு உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டங்கள் நீண்டகாலம் சபைகளின் சேவைக்கு வெளியே இருந்தன. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய சபைகளும் இயங்கத் தொடங்கின. ஆகவே "நாங்கள் தோட்டம், எங்களுக்குச் சபை இல்லை" என்று இனிச் சொல்ல முடியாது.

நட்டஈட்டைப் பொறுத்தவரை இலங்கையின் பொதுச் சட்டம் உரோம டச்சுச் சட்டமாகும். வடக்கு கிழக்கானாலும் மலையகமானாலும் இதில் வேறுபாடு இல்லை. 1977, 1983 வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறிய உறவுகளுக்கும் இதுவே பொருந்தும். நாயைக் கட்டாமல் விட்டது, உடைந்த வேலியைத் திருத்தாதது, ஏற்கெனவே ஒருவரைக் கடித்தது தெரிந்திருந்தும் கவனிக்காதது போன்ற கவனக்குறைவு காட்டப்பட்டால் உரிமையாளர் நட்டஈடு செலுத்த வேண்டி வரும்.

கவனக்குறைவு இல்லாவிட்டாலும் நாயின் சொந்தக்காரர் பொறுப்பாகும் பழைய வழக்குமுறை ஒன்றும் உரோம டச்சுச் சட்டத்தில் உண்டு. தென்னாபிரிக்காவின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 செப்டெம்பரில் இதனடிப்படையில் தீர்ப்பளித்தது. வீதியால் நடந்து சென்ற ஒரு தொழிலாளியை மூன்று நாய்கள் தாக்கியதில் அவர் இடது கையை இழந்தார். யாரோ ஒருவர் படலையின் பூட்டை உடைத்ததால்தான் நாய்கள் வெளியேறின என்று உரிமையாளர் வாதிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனவே இங்கு வழக்குக்குச் செல்பவர் கவனக்குறைவுக்கான சான்றையும் கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

கடிபட்டவர் அத்துமீறி உள்ளே நுழைந்திருந்தாலோ நாயைச் சீண்டியிருந்தாலோ உரிமையாளர் அதை எதிர்வாதமாக முன்வைக்கலாம்.

பொலிஸ் முறைப்பாடும் செய்யலாம். விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றமாகும். சென்னையில் 2024 மே மாதம் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ரொட்வைலர் நாய்கள் கடித்தபோது, அங்குள்ள இதேபோன்ற சட்டத்தின் கீழ் நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். இலங்கையில் குற்றம் நிரூபிக்கப்பட்டால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு வழங்குமாறும் நீதவான் கட்டளையிட முடியும்.

முறைப்பாட்டைத் தமிழில் செய்வது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டாம். மொழிபெயர்த்துச் சொல்லுமாறு கேளுங்கள்.

வேலை நேரத்தில் கடிபட்டால்

மலையில் வேலை செய்யும்போது கடிபட்டால் அது வேலைநேர விபத்தாகவும் கருதப்படலாம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழில்தருநரிடம் கோரிக்கை விடுக்க வழி உண்டா என்பதைத் தொழிற்சங்கத்திடமோ தொழில் திணைக்களத்திடமோ கேட்டறிய வேண்டும். தோட்ட நிர்வாகம் காவலுக்கு வளர்க்கும் நாயாக இருந்தால் நிர்வாகத்தின் பொறுப்பு மேலும் வலுவானது. எனவே சம்பவத்தை அன்றே தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன கேட்கலாம்?

மருந்துச் செலவு, போக்குவரத்துச் செலவு, இழந்த சம்பளம், வலியும் வேதனையும், நிரந்தரத் தழும்பு அல்லது ஊனம் ஆகியவற்றுக்குக் கோரலாம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி பார்த்தாலும், பத்து நாள் வேலை இழந்தவருக்கு அதுமட்டுமே 13,500 ரூபா. சில நூறு ரூபாவுக்குச் சமாதானமாவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காயத்தின் படங்கள், வைத்தியசாலை அட்டை, பற்றுச்சீட்டுகள், சாட்சிகளின் பெயர்கள், வேலைக்குச் செல்லாத நாட்களின் விபரம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சிறிய தொகைக்கான பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டும். அங்கு சட்டத்தரணி தேவையில்லை. இணக்கம் ஏற்படாவிட்டால் சபை தரும் சான்றிதழுடன் நீதிமன்றம் செல்லலாம். வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய நட்டஈட்டு வழக்கை 2 வருடங்களுக்குள் தொடுக்க வேண்டும்.

நாய் வளர்ப்பவர்களுக்கு

வருடாந்தத் தடுப்பூசியைப் போட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்தால் இலவசத் தடுப்பூசி போடப்படும் நாள் தெரியும். பிள்ளைகள் பாடசாலை செல்லும் நேரத்திலும் கொழுந்து நிறுக்கும் நேரத்திலும் நாயைக் கட்டி வையுங்கள். கடித்துவிட்டால் மறைக்காமல், கடிபட்டவரை நீங்களே வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் வாழ்பவர்களுக்கு வழக்கை விட நேர்மையான இணக்கம் மேலானது. ஆனால் அந்த இணக்கம் கடிபட்டவரின் சிகிச்சை முழுவதும் முடிந்த பின்னர், உண்மையான செலவைக் கணக்கிட்டு, இரு தரப்பும் வாசித்து விளங்கிக் கையொப்பமிட்டதாக இருக்க வேண்டும்.