சுவிஸ் இராணுவக் கத்தி: எடை சொல்லும் வரலாறு

சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்திகளில் உலகம் முழுவதும் பெயர் பெற்றது சுவிஸ் இராணுவக் கத்தியாகும். சிவப்புக் கைப்பிடி, அதில் வெள்ளைச் சிலுவை, உள்ளே கத்தரிக்கோல், இரம்பம், தக்கைத் திருகி என்று கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரிந்து நிற்கும் அதைப் பார்ப்பவர்கள், சுவிட்சர்லாந்தின் சிப்பாய்கள் எல்லோரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். உண்மை அதுவல்ல. அந்தச் சிவப்புக் கத்தியை இராணுவம் தன் சிப்பாய்களுக்கு வழங்கியதே இல்லை! சிப்பாயின் கத்தி வேறு. அது எளிமையானது, கருவிகள் குறைந்தது. ஆனால் ஒரு கைக்கருவியின் வடிவமைப்பையும் தரத்தையும் எப்படி எடைபோடுவது என்பதை அறிய அதன் வரலாறே அதிகம் உதவும்.

கதை ஒரு துப்பாக்கியின் திருகாணியில் தொடங்குகிறது. 1889இல் சுவிஸ் இராணுவம் ஷ்மிட்-ரூபின் என்ற புதிய துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதைக் கழற்றித் துடைக்கத் திருப்புளி வேண்டும். சிப்பாய் உணவு டப்பாவையும் திறக்க வேண்டும், தோல் வாரில் துளையும் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியைச் சுமக்க வைப்பதை விட எல்லாவற்றையும் ஒரே மடக்குக் கத்தியில் சேர்த்துவிடலாம் என்று முடிவானது. அலகு, துளையூசி, டப்பா திறப்பான், திருப்புளி ஆகிய நான்கே கருவிகள். இதற்கு 1890 மாதிரி என்று பெயர். கைப்பிடி கரிய ஓக் மரத்தால் ஆனது.

தேவை தெளிவாக இருந்தது, ஆனால் செய்வதற்கு நாட்டில் ஆலை இல்லை. அதனால் 1891 அக்டோபரில் வந்த முதல் 15,000 கத்திகளும் ஜெர்மனியின் சொலிங்கன் நகரில் வெஸ்டர் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. சுவிஸ் சிப்பாயின் பையில் ஜெர்மன் கத்தி! இதைப் பொறுக்காதவர் கார்ல் எல்ஸ்னர். தொப்பி செய்பவரின் மகனான இவர், 1884இல் ஷ்வீஸ் மாநிலத்தின் இபாக் என்னும் ஊரில், ஓடை நீரின் விசையில் இயங்கிய சிறு கத்திப் பட்டறையைத் தொடங்கியிருந்தார். நாட்டின் மற்றக் கத்தித் தொழிலாளர்களையும் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து, இராணுவ ஆர்டரைத் தாங்களே எடுத்துக்கொள்ள முன்வந்தார். இயந்திரங்கள் நிறைந்த சொலிங்கன் ஆலைகளோ அதே கத்தியைக் குறைந்த விலைக்குத் தந்தன. கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். எல்ஸ்னர் மட்டும் விடவில்லை, கைப்பணத்தை எல்லாம் இழந்து திவாலாகும் நிலைக்கு வந்தார்.

அவரைக் கரையேற்றியது இராணுவம் கேட்காத ஒரு கத்தி என்பதுதான் வேடிக்கை. சிப்பாயின் கத்தி உறுதியானது, ஆனால் கனமானது. ஆகவே இலேசான, அழகான ஒன்றை அதிகாரிகளுக்கென வடிவமைத்தார். வழக்கமான நான்கு கருவிகளோடு ஒரு சிறிய அலகும் தக்கைத் திருகியும் சேர்ந்தன. ஆறு கருவிகளுக்கும் இரண்டே வில்தகடுகள். ஒரே வில்தகட்டின் இரு பக்கங்களிலும் கருவிகளைப் பொருத்தும் உபாயத்தை அவர் கண்டுபிடித்ததால்தான் தடிமன் கூடாமல் கருவிகள் கூடின. இன்று ஏழு, எட்டு அடுக்குகளோடு வரும் பெரிய கத்திகளுக்கும் இதுவே அடிப்படை. 1897 ஜூன் 12 அன்று இவ்வடிவமைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. இராணுவம் இதை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. ஆனால் அதிகாரிகள் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்களும் வாங்கி ஊருக்குக் கொண்டு போனார்கள். ‘ஓஃபிசியர்ஸ்மெஸ்ஸர்’ என்ற ஜெர்மன் பெயர் அவர்கள் நாவில் நுழையாமல் ‘சுவிஸ் ஆர்மி நைஃப்’ ஆயிற்று.

1909இல் எல்ஸ்னரின் தாய் விக்டோரியா இறந்தபோது அவர் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1921இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல்லும் அதனோடு சேர்ந்து ‘விக்டோரினாக்ஸ்’ ஆனது. இதற்கிடையே பிரெஞ்சு பேசும் ஜூரா பகுதியிலிருந்து வெங்கர் நிறுவனமும் இராணுவத்துக்குக் கத்தி கொடுத்து வந்தது. இரு மொழிப் பகுதிகளுக்கும் மனத்தாங்கல் வராமல் 1908இல் அரசு ஆர்டரைச் சரிபாதியாகப் பிரித்தது. 2005இல் வெங்கரை விக்டோரினாக்ஸ் வாங்கிக்கொண்டது.

சிப்பாயின் கத்திக்குத் திரும்பினால், அதன் எடைக்கணக்கு சுவையானது. 1890 மாதிரி 144 கிராம் எடையும் 20.5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. 1908இல் மரத்துக்குப் பதில் ஃபைபர் கைப்பிடி வந்தபோது எடை 125 கிராம் ஆனது. 1951இல் 90 கிராம். கருவிகள் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியதும் அந்த மாதிரியில்தான். நிறுவனத்தின் பெயரில் ‘இனாக்ஸ்’ ஏறி 30 ஆண்டுகள் கழித்தே சிப்பாயின் பைக்குள் அது வந்தது! 1961 மாதிரியில் கைப்பிடி அலுமினியத் தகடாகி, 12 மில்லிமீட்டர் தடிமனில் எடை 72 கிராமுக்கு இறங்கியது. முதல் கத்தியின் எடையில் சரிபாதி. அலுமினியம் வழுக்கும் என்பதால் அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக வரிகள் பதித்தார்கள். டப்பா திறப்பானின் முனை சின்னத் திருப்புளியாகவும், பெரிய திருப்புளியே பாட்டில் திறப்பானாகவும், அதிலிருந்த பள்ளம் மின்கம்பி உரிப்பதற்கும் பயன்பட்டன. எடை பாதியானபோதும் வேலைகள் கூடின. 1890 முதல் வந்த மாதிரிகளில் வடிவமைப்பு என்ற வகையில் இதுவே மிகச் சிறந்தது எனலாம். அதை 40 ஆண்டுகளுக்கும் மேலாக இராணுவம் மாற்றாமல் வைத்திருந்ததில் வியப்பில்லை.

தரத்தைப் பொறுத்தவரை, கடையில் கத்தியை வாங்குபவர் அலகின் கூர்மையைத்தான் பார்ப்பார். செய்பவரின் கவலை வேறு. எஃகைக் கடினமாக்கினால் கூர் நிற்கும், ஆனால் எளிதில் உடையும். ஆகவே கத்தியின் எல்லாப் பாகங்களுக்கும் ஒரே கடினம் பொருந்தாது. விக்டோரினாக்ஸ் சொல்லும் கணக்கின்படி ராக்வெல் அளவில் அலகு 56, கத்தரிக்கோலும் இரம்பமும் 53, முறுக்கைத் தாங்க வேண்டிய திருப்புளி 52, வளைந்து நிமிர வேண்டிய வில்தகடு 49. கருவி திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்று கேட்கும் ஒலி அந்த வில்தகட்டுடையது. மலிவான போலிகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். அலகை எப்போதும் தீட்டிக்கொள்ளலாம். வில் தளர்ந்த கத்தியோ விரலைப் பதம் பார்த்துவிடும்.

இவ்வளவு இருந்தும் சிப்பாயின் கத்தியில் ஒரு பெரிய குறை உண்டு. எதையும் இறுகப் பிடிக்க அதில் குறடு இல்லை. இதே குறையைத்தான் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் ஐரோப்பாவில் உணர்ந்தார். பழைய ஃபியட் காரில் மனைவியோடு சுற்றியபோது கார் அடிக்கடி மக்கர் செய்தது, விடுதிக் குழாய்கள் ஒழுகின. கையில் இருந்ததோ சாரணர் கத்தி மட்டும். குறடு உள்ள கத்தியை ஒரு மாதத்தில் செய்துவிடலாம் என்று தொடங்கியவருக்கு முதல் மாதிரி உருவாகவே மூன்று ஆண்டுகள் ஆயின. கத்தி நிறுவனங்கள் அதைக் கத்தி இல்லை என்றன, கருவி நிறுவனங்கள் அதைக் கருவி இல்லை என்றன. 1983இல்தான் அது விற்பனைக்கு வந்தது. எடை சுமார் 140 கிராம். குறட்டைச் சேர்த்ததும் 1890இன் எடைக்கே கணக்கு திரும்பிவிட்டது!

2008இல் சுவிஸ் இராணுவம் புதிய கத்தியைத் தேர்ந்தெடுத்தபோது உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்து ஏழு நிறுவனங்களை அழைத்தது. சிப்பாயின் கத்தி மறுபடியும் அந்நிய நாட்டிலிருந்து வந்துவிடுமோ என்ற பதற்றம் மக்களிடையே எழுந்தது. 1891இல் எல்ஸ்னருக்கு இருந்த அதே பதற்றம்தான். ஜூலையில் சிப்பாய்களே மாதிரிகளைப் பயன்படுத்திச் சோதித்தார்கள். ஆய்வகச் சோதனையும் நடந்தது. பிறகு விலையையும் பயனையும் சேர்த்துப் பார்த்தார்கள். வென்றது விக்டோரினாக்ஸ். 75,000 கத்திகளுக்கு உறையோடு சேர்த்து 13 இலட்சத்து 80 ஆயிரம் பிராங்க், அதாவது ஒன்றுக்கு 18.40 பிராங்க்.

ஒரு கையால் திறக்கும் பல் வைத்த அலகு, திறந்ததும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு, மர இரம்பம், நட்சத்திரத் திருப்புளி, பச்சைக் கைப்பிடி என்று அது வந்தது. மறு கையில் கயிற்றையோ காயக்கட்டையோ பிடித்திருக்கும் சிப்பாய்க்கு ஒற்றைக் கையால் திறப்பது பெரிய உதவி. ஆனால் நீளம் 111 மில்லிமீட்டர், எடை 131 கிராம். 1961 கத்தி பையில் இருப்பதே தெரியாது, இது சட்டைப் பையை இழுக்கும். அதிகாரிகள் விரும்பி வாங்கிய தக்கைத் திருகி இந்த மாதிரியிலும் சேரவில்லை.